வண்டிகள் குடித்த தண்ணீர்

மண்ணெண்ணெய் வாசனையும் சாக்பீஸ் தூளும் ஒரே மூச்சில் மூக்கில் ஏறினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர், ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்த பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே என் அக்கா மகள் கரும்பலகையைத் தட்டித் துடைத்தாள். அவ்வளவுதான். கதவைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். பெயின்ட்காரர் தன் சட்டையை முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார், பாவம்.

அன்று மாலையே போன் வந்தது. முப்பது வருடம் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன். அங்கே என் வேலை உலோகங்களை உடைப்பது. கார் அச்சு, பாலத்து ஆணி, விமானத்து அலுமினியத் துண்டு, எதைக் கொடுத்தாலும் ஆட்டி ஆட்டி உடைத்துவிட்டு, ஏன் உடைந்தது என்று எழுதித்தருவேன். உடைப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஐம்பத்துமூன்று வயதில் போதும் என்று நானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். பையனுடைய புகார் இதுதான். கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் இரும்பை வைத்துக் கடல் காற்று, மழை, வெயில், எது வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டரில் தட்டி வரவழைக்கலாம். ஆனால் வெளியே சீக்கிரம் உடைகிற துண்டு உள்ளே உடையமாட்டேன் என்கிறது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கூண்டில் தண்ணீர் ஊற்றுகிறவர் யார்?

பையன் யோசித்தான். தெரியவில்லை மேடம் என்றான். பிறகு, உங்கள் காலத்தில் இந்தச் சோதனையை எதில் செய்தீர்கள் என்று கேட்டான். நெல் சலிக்கிற ஜல்லடையில் என்றேன். கிண்டல் என்று நினைத்துக்கொண்டான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்திருந்தேன். மூன்று வருடப் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், லேத் பட்டறையில் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டேன், பாஸ் ஆனேன். செஞ்சியில் திண்டிவனம் போகிற சாலையில் எட்டு பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி, தன் ஷெட்டில் டிப்ளமா படித்த பெண் வேலை செய்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டார். எனக்கு வேலை கிடைத்தது. ஷெட்டில் யாருக்கும் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பாப்பா என்றால் நான் முறைத்தேன். மேடம் என்றால் அவர்களுக்கே சிரிப்பு வந்தது. ஒரு வாரம் தடுமாறிவிட்டு எல்லோரும் சேர்ந்து டிப்ளமா என்று வைத்துவிட்டார்கள். டிப்ளமா, டீ சாப்டியா. டிப்ளமா, அந்த ஸ்பானர எட்றா. என் பெயர் அந்த ஷெட்டில் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

எனக்குத் தந்த வேலை விரிசல் பார்ப்பது. செஞ்சியில் விரிசல் பார்க்க ஆள் வைக்க வேண்டுமா என்ன? தலையை நிமிர்த்தினால் ராஜகிரி, திரும்பினால் கிருஷ்ணகிரி, மலை முழுக்க வெடித்த பாறை. ஆனால் என் விரிசல் தலைமயிர் அளவு. பஸ்ஸின் அடியில் சக்கரத்துக்கு மேலே, வளைந்த எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். பட்டை என்போம். சாலையின் குண்டும் குழியும் பஸ்ஸுக்கு ஏறாமல் வாங்கிக்கொள்வது அதுதான். வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து, பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவுவேன். ஒரு டீ குடிக்கிற நேரம் விடவேண்டும். பிறகு ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைக்கவேண்டும். மெல்லிய துணியில் முடிந்த சாக்பீஸ் தூளை ஒற்றி ஒற்றி, பட்டை திருநீறு பூசிக்கொண்ட மாதிரி ஆனதும், மரச்சுத்தியால் லேசாக ஒரு தட்டு. விரிசல் இருந்தால், உள்ளே ஒளிந்திருக்கிற மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு கோடு போடும். யாரும் வரையாமல் தானே வரைந்துகொள்கிற கோடு. முதல்முறை பார்த்தபோது படுத்தபடியே கைதட்டினேன். பஸ்ஸின் அடியிலிருந்து கைதட்டல் கேட்டு ஒரு கண்டக்டர் டீயைக் கொட்டிக்கொண்டார்.

எங்கள் போர்மேன் சிகாமணி ஐயா. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை, கையில் சொந்த வீட்டிலிருந்து கொண்டுவருகிற பித்தளைச் சொம்பில் குடிதண்ணீர். ஷெட்டில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இருபது வருடம் கறை படாமல் வேலை செய்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். தினமும் சாயங்காலம் வண்டி உள்ளே வந்ததும் ஷெட்டுக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு, ரப்பர் குழாயில் பஸ்ஸின் மேலும் கீழும் பீய்ச்சி அடிக்கவேண்டும். கழுவி முடித்ததும் ஐயா குனிந்து, கைக்குட்டையை விரலில் சுற்றிப் பட்டைக்கு நடுவில் விட்டு ஒரு இழுப்பு இழுப்பார். கறை இருந்தால் ஒன்றும் பேசமாட்டார். கைக்குட்டையைக் கழுவுகிறவன் முகத்துக்கு எதிரே பிடித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். திட்டினால்கூடப் பரவாயில்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் நம்பர் வண்டிகள் அவருடைய செல்லம். திண்டிவனம், விழுப்புரம் போகிறவை. கல்யாணப் பெண் மாதிரி புறப்பட்டுப்போகும்.

நாலாம் நம்பர் மட்டும் அவருக்கு ஆகாது. அவலூர்பேட்டை சந்தை வண்டி. கடலையெண்ணெய் டின்னும் புண்ணாக்கு மூட்டையும் ஏறி ஏறி, தரைப்பலகையின் சந்து வழியாக எண்ணெய் சொட்டி, அடியில் எல்லாம் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து தோசைக்கல் மாதிரி கறுத்துப்போயிருக்கும். அதில் கைக்குட்டை வைத்தால் கைக்குட்டையைத்தான் தூக்கிப்போட வேண்டும். ஐயா அதை ஷெட்டின் கடைசி மூலையில் நிறுத்தச் சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்றாம் நம்பர் வண்டி வல்லத்துக்குப் பக்கத்தில் சாலையை விட்டு இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைக்குள் போய் நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு அம்மாவின் கூடையிலிருந்து கோழி மட்டும் தப்பித்தது. கொல்லைக்காரர் ஓடிவந்து, டிக்கெட் எடுக்காமல் என் மல்லாட்டைக் கொல்லைக்கு எப்படி வந்தீர்கள் என்று டிரைவரைக் கேட்டாராம். முன்பக்கத்து முதல் பட்டை இரண்டாக உடைந்து, அச்சு நகர்ந்து, வண்டி தானே இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஓட்டியவர் கன்னியப்பன் அண்ணன். அவர் ஓட்டினால் சைக்கிள்காரன் முந்துவான், அவரைக் கேலி செய்யும்போது மாட்டுவண்டி என்பார்கள். அவர் மேல்தான் பழி விழுந்தது. குழியில் வேகமாக இறக்கியதால் பட்டை உடைந்தது என்று ஐயா எழுதிவிட்டார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தப் பட்டையைச் சோதித்து, விரிசல் இல்லை என்று எழுதியது நான். கீழே கையெழுத்து ஐயா. எனவே ஐயாவின் கணக்கில், விரிசல் இல்லாத பட்டை உடைந்ததென்றால் அது டிரைவர் கை.

முதலாளி பத்து நாள் தவணை கொடுத்தார். அதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் கன்னியப்பன் அண்ணனுக்கு வேலை போய்விடும். பழியோடு போகிற டிரைவரை இன்னொரு முதலாளி ஏற்றமாட்டார். அவருக்கு நாற்பத்தாறு வயது, ஸ்டியரிங் தவிர வேறொன்றும் தெரியாது. என் சோதனையில்தானே தப்பு இருக்கவேண்டும்?

உடைந்த துண்டைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஓடினேன். இரும்பு களைத்துப்போய் உடைந்தால் முகத்தில் எழுதியிருக்கும். விரிசல் நாள்பட வளர்ந்திருந்தால், கிளிஞ்சலின் மேல் இருக்குமே, அந்த மாதிரி வரிவரியாகக் கோடுகள். பழைய பகுதி பழுப்பு, கடைசியில் சட்டென்று உடைந்த பகுதி சர்க்கரை மாதிரி பளபளப்பு. இரண்டையும் பார்த்தால் போதும், கன்னியப்பன் அண்ணன் தப்பித்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் துண்டுகள் வெயிலில் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி மின்னுகின்றன. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் அலசி, மறுபடி தேய்த்து. கோடுமில்லை, பழுப்புமில்லை.

“ஐயா, ஒடஞ்ச எடத்த எதுக்குய்யா கழுவுனீங்க?”

“மொதலாளி வந்து பாக்கப் போறாரு. மண்ணோட காட்டச் சொல்றியா?”

அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஷெட்டுக்குப் பின்னால் உடைந்த பட்டைகளின் குவியல் ஒன்று உண்டு. துருப்பிடித்துக் கிடக்கும், பாம்பு இருக்கும் என்று யாரும் போகமாட்டார்கள். நான் அன்று மதியம் சாப்பிடாமல் அதைக் கிளறினேன். ஒவ்வொரு பட்டையிலும் எந்த வண்டி என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். ஒன்று, ஒன்று, மூன்று, இரண்டு, ஒன்று, மூன்று. எல்லாம் ஐயாவின் செல்லங்கள். நாலாம் நம்பர் பட்டை ஒன்றுகூட இல்லை. அவலூர்பேட்டை ரோடு எப்படியிருக்கும் என்று அந்த வழியில் போனவர்களின் இடுப்பைக் கேளுங்கள். குழிதான் பட்டையை உடைக்கிறதென்றால் நாலாம் நம்பர் என்றைக்கோ உட்கார்ந்திருக்கவேண்டும். அது எண்ணெயில் குளித்துக்கொண்டு அழுக்காக, ஆனந்தமாக ஓடுகிறது. சுத்தமான வண்டிகள் உடைகின்றன.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். கழுவுவதால்தான் உடைகிறது என்று நினைக்கிறேன் என்றேன். அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

“இருவது வருசமா கழுவிக்கினு இருக்கறன். குளிச்சா மனுசன் செத்துடுவானா, டிப்ளமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், கேள்வி அவ்வளவு நன்றாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தாளில் எழுதிக் காட்டாதே, கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டு, பார்த்தால் நானே முதலாளியிடம் போய்ச் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். அது எல்லோருக்கும் தெரியும்.

திருவண்ணாமலை சாலையில் காதர் பாய் பட்டறை. பட்டை அடிப்பதில் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தேடித்தான் லாரிகள் வரும். நாலு தலைமுறைக்கு மேல் செஞ்சியிலேயே இரும்பு அடிக்கிற குடும்பம். உடைந்த பட்டை ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்தே விரல் அகலத்தில் மூன்று மெல்லிய துண்டு வேண்டும் என்றேன். மூன்றும் ஒரே பட்டையிலிருந்து, ஒரே கனத்தில், தேய்ப்பதுகூட ஒரே பக்கமாக. அறுத்துத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இத வச்சிக்கினு இன்னா பண்ணப் போறம்மா, பல்லு குத்தவா?”

உடைக்கப்போகிறேன் என்றேன். இவ்வளவு நேரம் தேய்த்ததை உடைக்கவா என்று வருத்தப்பட்டார். ஆனாலும் மூன்றிலும் நடுவில் முக்கோண அரத்தால் ஒரே மாதிரி மூன்று இழுப்பு இழுத்துக் கொடுத்தார். அந்தக் கீறல்தான் விரிசலுக்கு வாசல். மூன்றுக்கும் ஒரே வாசல் வைத்தாயிற்று. இனி யார் வீட்டுக்குள் விரிசல் வேகமாக நுழைகிறது என்று பார்க்கவேண்டும்.

ஆட்டுவதற்கு மெஷின்? ஷெட்டுக்கு எதிரே ரைஸ் மில். அங்கே நெல்லில் கல்லும் பதரும் பிரிக்கிற பெரிய ஜல்லடை, கட்டில் அளவு. மோட்டார் ஓடினால் முன்னும் பின்னும் விடாமல் ஆடும். மில்லில் பதர் கூட்டுகிற அஞ்சலை அக்கா மேஸ்திரியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். மூன்று துண்டுகளின் அடியையும் ஒரு மரத்தூணில் இறுக்கி, நுனியை ஜல்லடையின் சட்டத்தில் மாட்டினோம். ஜல்லடை ஆடும்போதெல்லாம் மூன்றும் சேர்ந்து வளையும், நிமிரும். ஒன்று வெறுமனே. ஒன்றின் மேல் எண்ணெய்த் துணி, நாலாம் நம்பரிலிருந்து பிழிந்த எண்ணெய். நடுவில் இருந்ததற்கு ஒரு மண்கலயம் கட்டித் தொங்கவிட்டு, துணித்திரி வழியாக ஷெட்டுத் தண்ணீர் சொட்டச்சொட்ட விட்டேன்.

அடடா, அந்த நாட்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டே மில்லுக்கு வந்துவிட்டது. டிரைவர்கள் ட்ரிப்புக்கு நடுவில் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர்கள் தண்ணீர்க் கட்சி, காற்றுக் கட்சி என்று பிரிந்து, தோற்றவன் பரோட்டா வாங்கித்தர வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். எண்ணெய்க் கட்சியில் நாலாம் நம்பர் டிரைவர் ஒருவர்தான். நெல் மூட்டை இறக்க வந்தவர்கள் எது மூத்தவன் எது இளையவன் என்று துண்டுகளுக்குப் பெயர் வைத்தார்கள். நான் காலையில் சைக்கிள் கேரியரில் ஒரு குடம் ஷெட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கலயத்தை நிரப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். ஆட்டம், ஆட்டம், ஆட்டம். கன்னியப்பன் அண்ணன் மட்டும் மூலையில் நின்று, ஜல்லடையைப் பார்க்காமல் ஜல்லடையைப் பார்க்கிற எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, நான் குடத்தை இறக்குவதற்குள் தண்ணீர்த் துண்டு உடைந்தது. நான் குதித்தேன். குதித்துக் கால் தரையில் படுவதற்குள், என்று சொல்லலாம், வெறுந்துண்டும் உடைந்தது. உண்மையில் அரைமணி நேரம் இருக்கும். ஐயா வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாக, ரெண்டும் கூடவே போயிடுச்சேம்மா என்றார். கூட்டம் கலைந்தது. கன்னியப்பன் அண்ணன் காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பித்தர வீட்டுக்குப் போனார்.

மில்லின் சுவரோரம் உட்கார்ந்தேன். வெயிலில் மலை கொதிக்கிறது, தொண்டை காய்கிறது. எழுந்துபோகத் தெம்பில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் கலயம். அவிழ்த்து அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டேன். மடக் மடக்கென்று குடித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

தித்தித்தது.

ஷெட்டுத் தண்ணீர் தித்திக்காது. ஷெட்டுக் கிணறு உப்பு. வாயில் வைத்தால் முகம் சுளிக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதனால்தான் ஐயா சொம்பு கொண்டுவருகிறார், அதனால்தான் நாங்கள் எல்லோருமே ஆளுக்கொரு பாட்டிலோடு வருகிறோம். அஞ்சலை அக்காவைக் கூப்பிட்டேன். கலயத்தில் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டேன்.

“நாந்தான் ஊத்தனன். மத்தியானத்துக்குள்ள துணி காஞ்சி போயிடுது, நீ அந்தாண்ட வேலையா கீற. நீ அந்தாண்ட போனதும் அந்த உப்பு தண்ணிய கொட்டிட்டு, எப்பவும் நம்ம மில்லு தண்ணிதான் ஊத்தனன் சாமி, நல்ல தண்ணி. இன்னா, தப்பா?”

அவரைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். பதர் கூட்டுகிற துடைப்பம் எங்கள் இருவர் நடுவிலும் மாட்டிக்கொண்டது. தண்ணீர் இல்லை. உப்பு. குடிக்க லாயக்கில்லை என்று நாங்கள் அத்தனை பேரும் நாக்கில் வைக்காத தண்ணீரைத்தான் ஒருநாள் தவறாமல் வண்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஐயாவின் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றேன். இன்னொரு தடவை என்றேன். பத்து நாளில் நாலு நாள் மிச்சமிருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பித்தளைச் சொம்பைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். காதர் பாயிடம் அவரே போய்ப் புதிதாக இரண்டு துண்டு வாங்கிவந்தார். ஷெட்டுத் தண்ணீரையும் அவரே மொண்டு, வெள்ளைச் சட்டையோடு தெருவைக் கடந்து மில்லுக்கு வந்தார். கலயத்தின் பக்கத்தில் ஒரு நெல் மூட்டையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை அக்கா சொம்போடு வந்தபோதெல்லாம் கைக்குட்டையை ஆட்டித் துரத்தினார். எண்ணெய்த் துண்டு பழையதே, ஐந்து நாள் ஆடியும் அசராமல் இருந்தது.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஜல்லடை நின்றது. அவ்வளவு கூட்டமும் அசையாத மூன்று இரும்புத் துண்டுகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தது, அவை எதுவும் செய்யாது என்று தெரிந்தும். திண்டிவனம் வண்டி ஐந்து நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது, டிரைவர் இங்கே இருந்தார். கரண்ட் வந்தது. பெல்ட் உறுமியது. ஜல்லடை நாலைந்து முறை ஆடி வேகம் பிடித்திருக்கும்.

டக்.

சின்னச் சத்தம், விரல் சொடுக்குகிற அளவு. தண்ணீர்த் துண்டு இரண்டாகத் தொங்கியது. வெறுந்துண்டு ஆடிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க ஆடியது, மறுநாளும் ஆடியது. எண்ணெய்த் துண்டைப் பற்றிக் கேட்காதீர்கள், அது கடைசிவரை உடையவே இல்லை, அலுத்துப்போய் நாங்களே கழற்றினோம்.

ஐயா உடைந்த துண்டைக் கையில் எடுத்தார். கழுவவில்லை. முகத்தருகே வைத்துப் பார்த்தார். கீறலிலிருந்து உள்ளே பழுப்பாக, வரிவரியாக, கிளிஞ்சல் மாதிரி. பிறகு கலயத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். இருபது வருடத்தில் முதல்முறை என்று நினைக்கிறேன். துப்பவில்லை, விழுங்கினார். நடந்து ஷெட்டுக்குப் போய் இரண்டாம் நம்பர் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஊரில் ஆகப் பளபளப்பான வண்டி. முன்பட்டையைக் கழற்று என்றார். வெள்ளிக்கிழமைச் சோதனையில் பட்டையை நாங்கள் கழற்றியதில்லை, வெளியே தெரிகிற ஓரத்தை மட்டும் பார்ப்போம். தகடும் தகடும் ஒட்டியிருக்கிற இடத்தில்தான் கழுவிய தண்ணீர் போய்த் தங்கியிருந்தது. காய்ந்தாலும் உப்பு போகாது, மறுநாள் கழுவும்போது இன்னும் கொஞ்சம். ஐயா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்னைத் தொடவிடாமல் தானே மண்ணெண்ணெய் தடவினார், தானே துடைத்தார், தானே தூளை ஒற்றினார். நான் மரச்சுத்தியால் தட்டினேன். வெள்ளையின் மேல், தகடுகளைச் சேர்த்துக் கட்டுகிற வளையம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு கோடு கிளம்பி, யோசித்து, மெதுவாகப் பாதி அகலம் நடந்தது.

அந்த வண்டி மறுநாள் காலை ஐம்பது பேரோடு விழுப்புரம் போவதாக இருந்தது.

ஐயா எழுந்தபோது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க மண்ணெண்ணெய்க் கறை. அப்படியே முதலாளி வீட்டுக்கு நடந்தார். கன்னியப்பன் அண்ணன் மடித்த காக்கிச் சட்டையோடு அங்கேதான் நின்றிருந்தார், பிறகு அவர்தான் எங்களுக்குச் சொன்னார். ஐயா உட்காரவில்லையாம். சட்டையைப் பார்த்து முதலாளி பயந்து எழுந்துவிட்டாராம். “பட்டைய ஒடச்சது நானு. இவன் கை இல்ல, என் கை,” என்று சொல்லிவிட்டு, முதலாளி பதில் சொல்லும்வரை தலையைக் குனியாமல் நின்றாராம். முதலாளி இருவருக்கும் காபி வரவழைத்தாராம். கன்னியப்பன் அண்ணன் மடிப்புக் கலையாத சட்டையை அங்கேயே போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் வண்டியை ஒரு சைக்கிள்காரனும் முந்தவில்லை.

அதன்பிறகு ஷெட்டில் ஒரு புது வழக்கம். உப்புத் தண்ணீர் மேல்பாகத்துக்கு மட்டும். அடியில் தண்ணீர் கிடையாது. சனிக்கிழமையானால் பட்டைகளைக் கழற்றி, சோதித்து, எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைத் துணியில் தோய்த்துச் சந்துபொந்தெல்லாம் தடவுவார்கள். சனிக்கிழமை மனிதன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வண்டி மட்டும் சும்மா இருக்குமா என்று கன்னியப்பன் அண்ணன் கேட்டார். எண்ணெய்க் குளியல் என்றே பெயர் நின்றுவிட்டது. ஐயா தன் கைக்குட்டைச் சோதனையை விடவில்லை. ஆனால் இப்போது கறுப்பாக வந்தால்தான் தலையை ஆட்டுவார். வெள்ளையாக வந்தால் கழுவுகிறவன் முகத்துக்கு எதிரே பிடித்துக் காட்டுவார். நாலாம் நம்பர் வண்டி மூலையிலிருந்து முன்வரிசைக்கு வந்தது.

பின்னாளில் பரிசோதனைக்கூடத்தில் இதற்கெல்லாம் விளக்கம் படித்தேன். விரிசல் ஒரு வாய். வண்டி குலுங்கும்போதெல்லாம் திறந்து மூடுகிறது. திறக்கிற கணத்தில் உள்ளே இரும்பு தோல் உரிந்த மாதிரி பச்சையாக இருக்கும். காற்று பட்டால் லேசாக ஒரு படலம் மூடும். எண்ணெய் இருந்தால் காற்றும் ஈரமும்கூட அண்டாது. உப்புத் தண்ணீர் இருந்தால் அந்த நுனியிலேயே அரிக்கும், வாய் இன்னும் கொஞ்சம் கிழியும், அடுத்த குலுங்கலில் இன்னும் கொஞ்சம் குடிக்கும். இரும்பும் அதேதான், குலுக்கலும் அதேதான், எதற்குள் நின்று குலுங்குகிறது என்பதில் ஆயுளே மாறிவிடுகிறது. இதைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிய அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெல் பதர் வாசனை அடிக்கும். பக்கத்து மேஜைக்காரர்கள் நான் ஏன் அறிக்கையைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று கேட்பார்கள்.

அந்த வேலைக்கு உத்தரவு வந்து செஞ்சியை விட்டுப் புறப்பட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றாம் நம்பர் வண்டி, கன்னியப்பன் அண்ணன்தான் ஸ்டியரிங்கில். காதர் பாய் ஒரு பொட்டலம் கொடுத்தார், பிரித்தால் உடையாத எண்ணெய்த் துண்டு, பளபளவென்று பாலிஷ் போட்டு. அஞ்சலை அக்கா வழிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் தந்து, நல்ல தண்ணிதான் என்று கண்ணடித்தார். வண்டி உறுமத் தொடங்கியது. சிகாமணி ஐயா கூட்டத்துக்குப் பின்னால் நின்றவர், கடைசி நிமிடத்தில் ஜன்னலோரம் வந்தார். கையில் கறுத்துப்போன கைக்குட்டை. எனக்கு ஏதோ புத்திமதி வரப்போகிறது என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் குனிந்து முன்பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, திருப்தியாக நிமிர்ந்தார்.

“போற எடத்துல மிஷினு பெருசாத்தான் இருக்கும். நீ மொதல்ல தண்ணிய நாக்குல வச்சிப் பாரு, டிப்ளமா.”